ஏழாம் நம்பர் குழாய்

குழாயின் எடை நாற்பது கிராம் கூடியிருந்தது.

பெனிட்டா தராசை அணைத்து மறுபடி போட்டாள். வெறும் தட்டுக்குப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, இரும்புக் குழாயைத் திரும்பவும் தூக்கி வைத்தாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி அதே இடத்தில் வந்து நின்றன. இரண்டு முனையிலும் மூடி போட்டு, கறுப்பு டேப் சுற்றிய குழாய் அது. முழங்கை நீளம்கூட இருக்காது. உள்ளே வெறும் மணல். மணலில் உள்ள ஈரம் கசிந்து எடை குறையலாம். குறைந்தால் எவ்வளவு என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் தினமும் எடை பார்த்து எழுதுவது. நேற்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குக் கூடுவதற்கு மட்டும் வழியே கிடையாது.

மற்ற ஆறு குழாய்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் வித்தியாசம் இல்லை. ஏழாம் நம்பர் மட்டும்தான். தராசில் கோளாறு என்று நோட்டில் எழுதினாள். எழுதும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆறு குழாய்க்கு ஒழுங்காக இருக்கும் தராசு ஏழாவதற்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

சங்கரன்கோவில் கடைவீதியில் அவளுடைய அப்பா தங்கப்பழத்துக்குப் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னால் சரக்குப் போட்டு வைக்கும் கிட்டங்கிதான் அந்த அறை. ஜன்னல் கிடையாது. அண்டாவும் குத்துப்போணியும் அடுக்கியிருந்த இடத்தைக் காலிசெய்து, நாலு சுவரிலும் கதவின் உள்பக்கத்திலும் கூரையிலிருந்து தரைவரைக்கும் கறுப்புத் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, பெனிட்டா அதை இருட்டறை ஆக்கியிருந்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக்கூடம். காலையில் தொடங்கினால் தறிச் சத்தம் சுவர் வழியாக இறங்கி, மேசைமேல் வைத்த டம்ளர்த் தண்ணீரை நடுங்க வைத்துக்கொண்டே இருக்கும். வெளியே ஆனி மாதத்து வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில், உள்ளே ஒரே ஒரு சிவப்பு பல்பு. அந்த நிறத்து வெளிச்சம் ஒன்றைத்தான் இந்த மணல் தாங்கும்.

மேற்குச் சுவருக்குத் தார்ப்பாய் போதவில்லை. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த தார்ப்பாயை அலசிக் காயவைத்து அங்கே மாட்டியிருந்தாள். தார்ப்பாய்க்கு என்ன தெரியும் என்று மாட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி அவள் உட்காரவில்லை.

இருட்டில் கிடக்கும் மணலுக்கு ஒரு குணம் உண்டு. சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வரும் மிக லேசான கதிர்வீச்சை அது வருஷக்கணக்கில், லட்சக்கணக்கான வருஷங்கள்கூட, தனக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் போச்சு. சேர்த்ததையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வெறும் மணலாகிவிடும். ஆகவே எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று அளந்தால், அது கடைசியாக என்றைக்கு வெயிலைப் பார்த்தது என்று சொல்லலாம். மிகப் பழைய எலும்புக்கு எலும்பை வைத்தே வயது பார்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதை மூடிய மணலைத்தான் கேட்க வேண்டும். கேட்கும்வரை அந்த மணலுக்கு இருட்டு கலையக் கூடாது. தொல்லியல் படித்து, பதினோரு வருஷமாக இந்த ஒரு வேலையை மட்டுமே செய்துவரும் பெனிட்டாவுக்கு இது கிட்டத்தட்ட ஜெபம் மாதிரி.

இளையரசனேந்தலுக்குத் தெற்கே ஒரு வறண்ட ஓடைக்கரையில், கரிசலுக்கு அடியில் பன்னிரண்டு அடி ஆழத்தில், ஒரு மண்டையோட்டின் முன்பாதி கிடைத்திருந்தது. நம்முடைய நெற்றி இல்லை அது. புருவத்துக்கு மேலே எலும்பு திண்டுபோலத் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே இருந்த மணல் அடுக்கில் மோவாய் இல்லாத தாடைகள், பற்கள், ஒரு சின்னப் பிள்ளையின் பல்கூட. ஏதோ ஒரு வெள்ளத்தில் ஒரு கூட்டமே ஒன்றாக மூடப்பட்டிருக்க வேண்டும். இவர்கள் யார், எந்தக் காலத்து ஆட்கள் என்பதைச் சொல்ல ஏழு குழாய் மணல் எடுத்தார்கள். மண்டையோட்டை ஒட்டி எடுத்தது ஏழாம் நம்பர்.

அதை எடுத்தவர் மகாராஜன்.

ஓடைக்கு அக்கரையில் ஆடு வளர்ப்பவர், நாற்பது வயதுக்காரர். குழி வெட்ட ஆள் தேவை என்று வந்தவர், மூன்றே மாதத்தில் படித்த பிள்ளைகளைவிடச் சுத்தமாக வேலை பழகியிருந்தார். அன்றைக்குத் தோண்டுவதற்கான அனுமதி முடியும் கடைசி நாள். குழாயைக் குழிச்சுவரில் அடித்து இறக்குவதைப் பகலில் செய்யலாம். உருவி எடுப்பது இருட்டில்தான் நடக்க வேண்டும். வழக்கமாகப் பொழுது அடையக் காத்திருப்பார்கள். மேற்கே மழை திரண்டு நின்றதால் பெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. உச்சிவெயிலில் குழியின்மேல் இரட்டைத் தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாதபடி அடைக்கச் சொன்னாள். ஆறு குழாயை அவளே உள்ளே உட்கார்ந்து உருவினாள். புழுக்கம் தாங்காமல் மேலே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மிச்சம் ஒன்றைத் தான் எடுத்து வருவதாகச் சொல்லி மகாராஜன் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் பொத்தென்று ஒரு சத்தம். அப்புறம் அவர் குரல்.

“மேடம், மண்ணு சரிஞ்சிட்டு. தார்ப்பாய எடுங்க.”

பக்கத்தில் நின்ற கூலியாள் பேச்சிராஜா கல்லைப் புரட்டக் குனிந்தான். பெனிட்டா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, தார்ப்பாயின் பக்கம் குனிந்து, அவள் கேட்டது இதுதான்:

“குழாய்க்கு மூடி போட்டாச்சா?”

உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்டது.

“போடுதேன்,” என்றார் மகாராஜன்.

அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடமா, ஒன்றரையா, இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. டேப் இழுபடும் சத்தம் கேட்டது. மறுபடி இழுபட்டது. அவள் கைக்குள் பேச்சிராஜாவின் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு குழியின் தெற்குச் சுவர் மொத்தமாக இறங்கிவிட்டது. மண்ணை வாரி அவரை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. குழாய் அவர் நெஞ்சோடு அணைந்திருந்தது. இரண்டு முனையிலும் மூடி போட்டு, ஒழுங்காக டேப் சுற்றி முடித்திருந்தார்.

அதற்கப்புறம் போலீஸ்காரர்கள் வந்து தார்ப்பாயை எடுத்துப்போனார்கள்; குழியை ஜேசிபி வைத்து மூடிவிட்டார்கள். அங்கே இனி யாரும் மண்வெட்டி வைக்கப் போவதில்லை. அந்த மண்டையோட்டைத் தொட்டுக் கிடந்த மணல் உலகத்தில் இந்தக் குழாயில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு விநாடி வெள்ளை வெளிச்சம் பட்டாலும், ஒரு மனுஷன் செத்தது ஒன்றுமில்லாததற்கு என்று ஆகிவிடும். பெனிட்டா இருபது நாளாக இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள், தூங்கினாள், மனிதர்கள் முகத்தைப் பார்த்தாள்.

எடை கூடிய அதே வியாழக்கிழமை மத்தியானம் மகாராஜனின் மனைவி கோமதித்தாய் கடைக்கு வந்திருந்தாள். தங்கப்பழம் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் செய்து, என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு தூக்குச்சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெனிட்டா இருட்டறையிலிருந்து வந்ததும் கண் கூசிற்று. கோமதித்தாய் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒன்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்ததாகச் சொன்னாள்.

“கடைசியில அவிய யாரையாவது கூப்பிட்டாவளா மேடம்?”

“இல்ல. ஒரு நொடியில முடிஞ்சிட்டு. சத்தமே வரல.”

கோமதித்தாய் தலையை ஆட்டினாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியது. ஆறு மாதப் பிள்ளைபோல இருட்டுக்குப் பயப்படும் மனுஷன் என்று கோமதித்தாய் சொன்னாள். வீட்டில் ஒரு சின்ன பல்பாவது எரியாவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். அப்படிப்பட்டவர் அந்தக் குழிக்குள் எப்படி இறங்கினார் என்றுதான் அவளுக்கு ஆறவில்லை. பிறகு, அவர் கையில் இருந்த அந்தக் குழாயை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று பெனிட்டா சொன்னாள்.

“அப்போ அதுவும் இருட்டுலதான் கிடக்கா,” என்றாள் கோமதித்தாய். டீயைத் தொடாமல் எழுந்து, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எடை தொண்ணூறு கிராம் கூடியிருந்தது.

இந்தத் தடவை அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. குழாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. அறையின் வாசனையும் மாறியிருந்தது. புதுத் தார்ப்பாயின் நெடிக்கும் பித்தளைத் தூசிக்கும் அடியில், வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒருவர் வாயைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. மேற்குச் சுவர்த் தார்ப்பாயில், குத்தவைத்து உட்கார்ந்த ஆளின் முகம் வரும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருந்தது. ஓதம் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். மழையே பெய்யாத ஊரில், தறி ஓடி ஓடிக் காய்ந்து கிடக்கும் சுவரில் ஓதம் எங்கிருந்து வரும்? துணியால் துடைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பூட்டப் போகும்போது அதே இடத்தில் அதே அகலத்துக்கு ஈரம் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். மனைவி போன பிறகு மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷன்.

“மூஞ்சி வெளிறிக் கிடக்கு மக்கா. அந்த மண்ண வடக்க அனுப்பிரு. அங்க உள்ளவனுவ பாத்துக்கிடட்டும்.”

வடக்கே உள்ள ஆய்வகத்தில்தான் அளக்கும் எந்திரம் இருந்தது. ஆனால் குழாயைத் திறந்து, முனையில் வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய மணலைத் தள்ளி, நடு மணலை மட்டும் சலித்துக் கறுப்புக் குப்பியில் அடைத்து அனுப்புவது பெனிட்டாவின் வேலை. வேறொருவர் கைக்கு அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை உதவிக்கு ஆள் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் எடை கூடுகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஈரம் நுழையும் ஓட்டையில் வெளிச்சமும் நுழையும். நாளைக்கே திறந்து அடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். யோசித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். பயந்தவர்கள் எடுக்கும் முடிவெல்லாம் அப்படித்தான் நியாயமாக இருக்கும்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, கதவின்மேல் தார்ப்பாயை இறக்கிவிட்டாள். முன்னால் கடையில் கல்யாணத்துக்குச் சீர் எடுக்க வந்த கூட்டம். எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும், பேரம் பேசும் குரல்களும், பின்சுவரில் தறியும். இத்தனை சத்தத்துக்கு நடுவே என்ன வந்துவிடப் போகிறது? தட்டு, கரண்டி, சல்லடை, குப்பி, கறுப்புப் பை எல்லாவற்றையும் கைக்கு எட்டும் இடத்தில் வரிசையாக வைத்தாள். மேற்குச் சுவரைப் பார்க்கவில்லை. ஈரம் இப்போது எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பம் இல்லை.

டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள். நாலு சுற்று. ஒட்டும் பக்கத்தில் மணலும், மணலுக்குள் ஒரு கட்டைவிரலின் ரேகையும் பதிந்திருந்தன. அவசரம் இல்லாமல் அழுத்திய ரேகை. நெஞ்சுவரை மண்ணில் நின்றுகொண்டு இவ்வளவு பொறுமையாக ஒரு மனுஷன் டேப் ஒட்டியிருக்கிறார். பெனிட்டா அழுதாள். அழுதுகொண்டே மூடியைத் திருகினாள்.

மூடி கழன்றதும் உள்ளிருந்து காற்று வந்தது.

அடைத்து வைத்த எதைத் திறந்தாலும் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். இது நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, அவள் மணிக்கட்டின்மேல் பட்டு, முழங்கைவரை ஊர்ந்து வந்துகொண்டே இருந்தது. மூச்சைப் பிடித்து வைத்திருந்தவர் ஒருவர் மெதுவாக, முழுவதுமாக விட்டதுபோல இருந்தது. அவள் மனதுக்குள் எண்ணினாள். இருபதுவரை எண்ணினாள். முப்பது. முப்பத்தைந்தில் அது தீர்ந்தது. குழாயைக் கவிழ்த்துத் தட்டினாள். மணல் தட்டில் விழுந்தது. நனைந்திருந்தது.

நடு மணலைப் பிரித்துக் குப்பிக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. கரண்டியை எடுத்தாள்.

கரண்ட் போய்விட்டது.

சிவப்பு பல்பு அணைந்தது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து நின்றன. இருபது நாளில் முதல் தடவையாக அந்த அறை தன் சொந்த அமைதியோடு இருந்தது. கடைப் பக்கத்துச் சத்தம் எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டதுபோலத் தேய்ந்தது. பெனிட்டா அசையாமல் நின்றாள். சனிக்கிழமை, பட்டப்பகல், அப்பா முப்பதடி தூரத்தில் இருக்கிறார். இதை மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

மேற்குச் சுவரில் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

காற்று இல்லாத இடத்தில் இழுக்கும் மூச்சு. பாதியில் அடைத்து, தார்ப்பாய் வாயில் ஒட்டி, படபடத்து, விடுபட்டது. மறுபடி இழுத்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அன்றைக்கு டேப் இழுபடும் சத்தத்துக்கு நடுவே இதுவும் கேட்டது. கேட்டும் கேட்காததுபோல நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அதைத் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தாள்.

“அப்பா,” என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தம் தார்ப்பாயைத் தாண்டவில்லை.

கதவைத் திறந்தால் வெயில் உள்ளே வரும். தட்டில் மணல் திறந்து கிடக்கிறது. முதலில் அதை மூட வேண்டும். கறுப்புப் பையைத் தேடி மேசைமேல் கைகளை ஓடவிட்டாள். கரண்டி. சல்லடை. குப்பி உருண்டு கீழே விழுந்தது. தட்டு. தட்டைத் தாண்டியும் மணல். மேசை விளிம்புவரை மணல். அந்தக் குழாயில் இவ்வளவு மணல் கிடையாது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

வடக்குச் சுவரிலும் ஒரு மூச்சு.

அப்புறம் தெற்கில். தரையை ஒட்டி ஒன்று, சின்னதாக, அவசர அவசரமாக.

போதும். மணல் போனால் போகட்டும் என்று இல்லை, இன்னும் அந்த எண்ணம் வரவில்லை; கால்கள்தான் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தன. கையை நீட்டி நடந்தாள். தார்ப்பாய் தட்டுப்பட்டது. அதன் பின்னால் கதவின் பலகை இருக்க வேண்டும். அழுத்தினாள். பலகை இல்லை. வெதுவெதுப்பாக எதுவோ அழுந்திக் கொடுத்தது. பிறகு, அவள் உள்ளங்கைக்கு அடியில், தார்ப்பாய் குழிந்தது. அவளுடைய தோலையும் சேர்த்து உறிஞ்சி இழுத்தது. விட்டது. இழுத்தது.

பின்னால் விழுந்தாள். தவழ்ந்தாள். மேசைக்கால் நெற்றியில் இடித்தது.

வெள்ளை டியூப் லைட் ஒன்று உண்டு. கடையின் இன்வெர்ட்டரில் ஓடுவது; கரண்ட் போனாலும் எரியும். மேசைக்குப் பக்கத்துத் தூணில் அதன் சுவிட்ச். தவறியும் கை பட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் குறுக்கே டேப் ஒட்டியிருந்தாள். எழுந்து தூணைப் பிடித்தாள். டேப்பைக் கிழித்தாள். விரல் சுவிட்சின்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

நம்பக் கஷ்டமாக இருக்கலாம். சுற்றிலும் அத்தனை மூச்சு இரைந்துகொண்டிருக்க, அவள் அந்த மணலைத்தான் நினைத்தாள். இதை அழுத்தினால் மகாராஜன் ஒட்டிய டேப் வீண். அவர் நின்ற ஒன்றரை நிமிடம் வீண். அந்த மணலுக்கு வயதே இல்லாமல் போகும். விரல் அங்கேயே இருந்தது. மேற்கில் மூச்சு அடைத்தது. படபடத்தது. திணறியது. அன்றைக்குப் போலவே அவள் காத்துக்கொண்டிருந்தாள். தான் மறுபடியும் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“நான் பொய் சொன்னேன்,” என்றாள் இருட்டில். “அவகிட்ட நான் பொய்தான் சொன்னேன் மகாராஜன். நீங்க கூப்பிட்டிய.”

அழுத்தினாள்.

டியூப் லைட் இரண்டு முறை கண்ணடித்துவிட்டு எரிந்தது. தட்டில் மணல் பழுப்பாகக் கிடந்தது. ஓடையில் யாரும் மிதித்துப் போகும் மணல். லட்சம் வருஷமோ, இரண்டு லட்சமோ, இனி யாருக்கும் தெரியாது. தீர்ந்துவிட்டது. நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியதுபோல அவளுக்கு ஒரு விநாடி ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு சுவர்களைப் பார்த்தாள்.

தார்ப்பாய் குழிந்தது. உப்பியது. குழிந்தது. ஒரு இடத்தில் இல்லை. நாலு சுவரிலும், தரையிலிருந்து கூரைவரை, ஒன்றின்மேல் ஒன்றாக, வாய் இருக்கும் இடங்களிலெல்லாம். கதவிலும். மூச்சை இழுக்கும்போது கறுப்புத் தார்ப்பாய் முகத்தோடு ஒட்டியது. புருவத்துக்கு மேலே எலும்புத் திண்டு. அகன்ற மூக்கு. மோவாய் இல்லாத தாடை. முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையின் முகம். எல்லா முகங்களும் விளக்கின் பக்கம் திரும்பியிருந்தன.

மேற்குச் சுவரில் ஒன்றுக்கு மட்டும் மோவாய் இருந்தது.

அவள் ஓடவில்லை. ஓட வழியும் இல்லை. அந்த முகத்தின் முன்னால் போய் முழங்காலிட்டாள். தார்ப்பாய் அதன் வாய்க்குள் ஆழமாகப் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

“எடுத்திருதேன்,” என்றாள். “இந்தா, எடுத்திருதேன்.”

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மேலே ஆணிகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டன. நாலு சுவர்த் தார்ப்பாயையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தாள். எல்லாமே சேர்ந்து அவள்மேல் இறங்கின. தார்ப்பாயின் கனம் இல்லை அது. தோளை அழுத்தி, முதுகை அழுத்தி, முகத்தைத் தரையில் பதித்தது. வெளிச்சம் போயிற்று. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதன் மெல்லிய ரீங்காரம் எங்கோ உயரத்தில், வெகு உயரத்தில் கேட்டது.

ஓரத்தைத் தேடினாள். தவழ்ந்தாள். பத்தடி அறை. பத்தடிக்கு மேல் தவழ்ந்துவிட்டாள். சுவர் வரவில்லை. கைக்குக் கீழே சிமெண்டுத் தரை இல்லை, மணல். ஈர மணல். இன்னும் தவழ்ந்தாள். மூச்சை இழுத்தாள். தார்ப்பாய் வாயில் வந்து ஒட்டியது.

சுற்றிலும் மற்ற மூச்சுகள் எல்லாம் நின்றுவிட்டிருந்தன.

இடப்பக்கத்தில், தோளுக்கு மிக அருகே, மணல் நெரிபடும் சத்தம் கேட்டது. கூட்டமான பஸ்ஸில் நிற்பவருக்காக ஒதுங்குவதுபோல, யாரோ சற்று நகர்ந்து, அவள் உட்காருவதற்கு இடம் விட்டார்கள்.